செவிக்கு ஒரு கதவு

கண்ணுக்கு இமையை வகுத்த இயற்கை, காதுக்கு அத்தகைய மூடி எதனையும் வகுக்கவில்லை. வேண்டாததைக் காணாதிருக்கக் கண்ணை மூடிக்கொள்ளலாம்; வேண்டாததைக் கேளாதிருக்க வழியில்லை. நாம் உறங்கும்போதும் செவி விழித்தே இருக்கிறது. காட்டிலும் குகையிலும் வாழ்ந்த ஆதிமனிதனுக்கு இது பெருங்காவலாக இருந்திருக்கும். ஆனால் லாரியின் ஊதுகுழலும், ஒலிபெருக்கியும், அண்டை வீட்டுத் தொலைக்காட்சியும் நாற்புறமும் முழங்க, அவற்றினிடையே அமர்ந்து பாடம் படிக்கவேண்டிய நமக்கு அக்காவலே தொல்லையாக முடிகிறது. ஆகவே மனிதன் தன் கைத்திறத்தால் செவிக்கு ஒரு கதவு செய்துகொண்டான். ஹெட்போன் என்று நாம் வழங்கும் கருவிகளுள், புறம் அடைத்த வகையைச் சேர்ந்தது அக்கதவு. அதனைக் குறைந்த பணத்தில், காதும் தலையும் நோவாத வண்ணம், தெரிந்து வாங்குவது எங்ஙனம் என்பதைப் பற்றி என் அநுபவத்தில் கண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

"கல்லூரிப் பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமோ இது?" என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நம்மிற் பலர் ஆசிரியரின் வாய்மொழியை வகுப்பறையில் ஒருமுறையும், கைப்பேசியில் பதிவுசெய்த பாடமாக இரண்டாம் முறையும் கேட்கிறோம். அந்த இரண்டாம் கேள்வி இக்கருவியின் வழியாகவே நிகழ்கிறது. அன்றியும், செவி ஒருமுறை கெட்டால் மீண்டும் வாராத செல்வம். ஆதலின் அதன்மேல் நாடோறும் சில மணிநேரம் அணியும் ஒரு பொருளை ஆராய்ந்து வாங்குவது அற்பமான காரியம் அன்று.

என் ஊர் நாகரசம்பட்டி. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியினின்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் அணித்தாயுள்ள சிறு பேரூர். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இடம் என்று கேட்டோர், அங்கே குயிலின் குரலன்றி வேறொன்றும் கேளாது என்று எண்ணுவர். அஃது ஒரு காலத்து உண்மையாக இருந்திருக்கலாம். இன்றோ ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எழுந்துள்ள ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் வண்டிகள் முப்பொழுதும் எங்கள் வீதியில் ஓடுகின்றன. மாம்பழக் காலத்தில் மண்டிக்குச் செல்லும் லாரிகள் வேறு. எங்கள் வீடு சாலையோரத்தது, அறைகள் இரண்டே. ஓர் அறையில் என் தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உரக்கப் படிப்பாள். மற்றோர் அறையில் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கும். அதன் ஓசை சாலைவரையில் கேட்கும். ஏனெனில் என் தந்தையாருக்குச் செவிப்புலன் குறைந்துவிட்டது.

இதனைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கருங்கல் அறுத்து மெருகிடும் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். எங்கள் மாவட்டத்துக் கருங்கல் கடல் கடந்து விற்பனையாவது எல்லாரும் அறிந்ததே. அந்தக் கல்லைப் பாளம் பாளமாக அறுக்கும் வட்டவாளின் அருகே நின்றவருக்குத்தான் அதன் ஓசை எத்தகையதென்று தெரியும். அங்கே ஒருவரோடொருவர் வாயாற் பேசுவதில்லை, கையாற் பேசுவர். காதில் அடைத்துக்கொள்ளப் பழைய பஞ்சுதான் உண்டு. இவ்வாறு வந்த செவிட்டுத்தன்மைக்கு ஓர் இயல்பு உண்டு என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கூரிய ஒலிகளைக் கவர்ந்துகொள்கிறது. உயிரோசைகள் கேட்கும், சகரம் தகரம் போன்ற மெய்யோசைகள் மழுங்கிப்போம். ஆகவே பேசும் குரல் கேட்கும், பேச்சு விளங்காது. "காசு" என்று நாங்கள் சொன்னால் "காது" என்று அவர் கொள்வார். வீட்டில் நாங்கள் இதற்குச் சிரித்ததும் உண்டு. அவரும் உடன் சிரிப்பார். ஆனால் கடைவீதியில் அயலார் சிரிக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

உட்செவியில் நத்தையின் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 உள்ளன. பேரோசையால் அவை மடிந்தால், மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆலையின் இரைச்சலாயினும், காதருகே வைத்துக் கேட்கும் சங்கீதமாயினும் அவற்றுக்கு ஒன்றே. அளவும் நேரமுமே கணக்கு. 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாளொன்றுக்கு 8 மணிநேரம்வரை கேட்கலாம் என்றும், அதற்குமேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிலையத்தார் வரையறுத்துள்ளனர். அந்தக் கணக்கின்படி 100 டெசிபெலுக்குக் கால்மணி நேரமே உண்டு. கைப்பேசி முதலியவற்றில் கேட்போருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு, வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபெல் என்பதாம். தந்தையாரின் காது போன வழியைக் கண்கூடாகக் கண்ட நான், என் காதையும் அதே வழியில் போக்கிக்கொள்ளாதிருக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே ஹெட்போன் வாங்கப் புறப்பட்டேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். காதைக் காக்கவேண்டுமானால் ஹெட்போனே வாங்காதிருப்பது நலமன்றோ? அவ்வாறன்று. சந்தடி மிக்க இடத்தில் சிறிய காதுமொட்டைச் செருகிக்கொண்டு பாடம் கேட்பவன், லாரியின் ஓசைக்கு மேலாகப் பாடத்தின் ஓசையை உயர்த்துகிறான். லாரி போனபின்பு அதைக் குறைக்க மறந்துவிடுகிறான். புறம் அடைத்த கருவியோ வெளியோசையை வாயிலிலேயே ஓரளவு தடுத்துவிடுவதால், உள்ளே மெல்லிய குரலே போதும். ஓசையைக் கூட்டிக் கேட்பதற்காக அன்று, குறைத்துக் கேட்பதற்காகவே அதனை வாங்கவேண்டும். வாங்குவோர் இந்த நோக்கத்தை மறவாதிருந்தால், மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். 1910-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா நாட்டு நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் இத்தகைய கருவிகளைச் செய்து, அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். 1937-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தார் 'டிடி 48' என்ற கருவியை வெளியிட்டனர். 1958-இல் ஜான் காஸ் என்பவர் இரு செவிக்கும் வெவ்வேறு ஓசை வழங்கும் ஸ்டீரியோ ஹெட்போனைச் சங்கீதம் கேட்போருக்காகக் கொணர்ந்தார். 1968-இல் சென்ஹைசர் நிறுவனத்தாரின் 'எச்டி 414' தோன்றியது. அது புறம் திறந்த வகை. அதன்பின் இவ்விரு வகையும் தனித்தனியே வளர்ந்தன.

திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்புறம் துளைகளால் ஆகியது. அதில் ஓசை விசாலமாகவும் இயல்பாகவும் இருக்கும். காதிலும் காற்றோட்டம் உண்டு. ஆயினும் வெளியோசை உள்ளே வரும்; உள்ளோசை வெளியே போகும். தனியறையும் அமைதியும் உடையவர்க்கு அது தகும். எங்கள் வீட்டில், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறந்து பால் சங்கத்துக்குக் கொண்டுசெல்லும் என் அன்னை, இரவு ஒன்பது மணிக்கே உறங்கிவிடுவார். அவருக்கு நான்கு முழம் தள்ளி அமர்ந்துதான் நான் படிக்கவேண்டும். ஆகவே என் காதுக்குரியது என் காதோடு நிற்கவேண்டும். அடைத்த வகையே எனக்கு உரியது என்பது இதனால் முடிவாயிற்று. நம்மவர் பெரும்பாலோரின் வீட்டு நிலையும் இதுவே என்று எண்ணுகிறேன்.

எனினும் அடைத்த கதவு எல்லா ஓசையையும் தடுக்கும் என்று நம்பலாகாது. தங்கை படிக்கும் குரல், பாத்திரம் உருளும் ஓசை, ஊதுகுழலின் கூச்சல் ஆகிய கூரிய ஓசைகளை அது நன்கு குறைக்கும். பேருந்து இயந்திரத்தின் ஆழ்ந்த உறுமலை மிகக் கொஞ்சமே குறைக்கும். உறுமலை அடக்குவதற்கென்றே மின்சார உபாயத்தால் எதிரோசை எழுப்பிக் கழிக்கும் கருவிகள் உள்ளன. அவை நல்லவையே. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அந்த உபாயத்துக்கும் பணம் கொடுத்து, நல்ல மெத்தைக்கும் பணம் கொடுப்பது அரிது. குறைந்த விலைப் பொருளில் ஒரு குணத்தைச் சேர்த்தால் மற்றொரு குணத்தைக் குறைத்தே தீருவர். எது நமக்கு வேண்டும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போவதே விவேகம்.

என் கையிலிருந்த பணம் 2,500 ரூபாய். கோடை விடுமுறையில் மாம்பழக் கூழ் செய்யும் ஆலை ஒன்றில் பழம் தரம்பிரிக்கும் வேலைக்குச் சென்று ஈட்டிய கூலியில், கல்லூரிக் கட்டணம் போக எஞ்சியது அது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் என் மனத்தில் ஒரு தயக்கம் பிறந்தது. "தந்தைக்குக் காது கேளாதிருக்க, மகன் காதுக்கு அலங்காரம் தேடுகிறானே" என்று ஊரார் சொல்லாவிடினும் என் உள்ளம் சொல்லிற்று. ஒருநாள் இரவு அவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, இப்பணத்தைக் கொண்டு அவருக்குக் காது கேட்கும் கருவி வாங்க ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டேன். அவர் சிறிதுநேரம் என்னையே பார்த்துவிட்டு, "மிஷினு வெச்சிக்கிட்டு கல்லு அறுக்கற சத்தத்தையா கேக்கறது, கண்ணு? என் காது போனது போகட்டும். உன் காதைப் பாத்துக்கோ" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்ன அச்சொல்லில் ஓர் உண்மை அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தேன். ஓசையைப் பெருக்கும் கருவியைக் கல் அறுக்கும் இடத்தில் அணிதல் தகாது. அது வீட்டில் உதவும். வேலையில் இருக்கும்வரை, எஞ்சியுள்ள செவிப்புலனைக் காப்பதே முதற்காரியம். பெருக்கும் கருவியைப் பெறுவதற்கு வேறு வழி உண்டு. வருமானம் குறைந்தவர்க்குத் துணைக்கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் நடைபெற்றுவருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் வேண்டுவது செவிப் பரிசோதனைச் சான்று. அதற்கும் வழி செய்வது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

நிற்க. ஓசூரில் ஆலை வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், தம் வார விடுமுறையில் என்னைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே எஸ்.பி. ரோடு என்று வழங்கும் வீதியில் மின்கருவிக் கடைகள் நெருங்கியிருக்கின்றன. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அவ்வீதி, எல்லைப்புறத்தில் பிறந்த எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு வாங்குவோர் விலையைக் கேட்குமுன் பல்லைப் பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர், திமிலைத் தொட்டுப் பார்ப்பர். அம்முறையையே இங்கும் கையாளவேண்டும் என்று அண்ணன் வழியிலேயே எனக்குச் சொல்லிவைத்தார்.

முதற்கடையில் கடைக்காரர் எடுத்துக்காட்டியவை எல்லாம் பளபளப்பானவை. ஒன்றில் விளக்கு எரிந்தது. மற்றொன்றின் பெட்டியில், ஓசைத்தகடு 50 மில்லிமீட்டர் அகலமென்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இன்னொன்றில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருந்தது. இவ்வெண்களைக் கண்டு மயங்கலாகாது. தகட்டின் அகலம் ஓசையின் தரத்துக்கு உறுதி அன்று. 20 முதல் 20,000 என்பது மனிதச் செவி கேட்கும் எல்லையென்று பள்ளிப் புத்தகத்தில் உள்ளதே. எல்லாப் பெட்டியிலும் அதனை எழுதுகிறார்கள். கவனிக்கவேண்டிய எண் ஒன்று உண்டு. அது ஓம் அளவில் கூறப்படும் மின்தடை. 16 முதல் 64 ஓம் வரையுள்ளவை கைப்பேசியோடு இசைந்து நடக்கும். 250 ஓம் உள்ளவற்றுக்குத் தனியே ஓசைபெருக்கி வேண்டும். அது ஏழை மாணவனுக்கு இரண்டாம் செலவு.

அடுத்து, காதின் மேல் அமர்வதா, காதைச் சூழ்ந்து அமர்வதா என்று பார்க்கவேண்டும். விலை குறைந்தவற்றுட் பல, காதுமடலின் மேலேயே அழுந்தி அமர்பவை. அவை இலேசானவை, பையில் மடித்து வைக்கலாம். ஆனால் அரைமணி நேரத்தில் மடல் சிவந்து நோவெடுக்கும். மூக்குக்கண்ணாடி அணிந்த என்போன்றோர்க்குக் கண்ணாடிக் காம்புக்கும் மெத்தைக்கும் இடையே மடல் அகப்பட்டுக்கொள்ளும். காதை முழுதும் உள்ளடக்கிக்கொண்டு, அதனைச் சூழ்ந்துள்ள எலும்பின் மேல் அமரும் கிண்ணமே நெடுநேரம் படிப்போர்க்கு உகந்தது. அதிலும் குழியின் ஆழத்தை விரலால் அளந்து பார்க்கவேண்டும். ஆழம் குறைந்தால் மடலின் நுனி உள்ளேயுள்ள தகட்டில் உரசும். கடையில் தெரியாத அவ்வுரசல், வீட்டில் ஒரு மணிநேரம் கழிந்தபின் முள்ளாகக் குத்தும்.

மூன்றாவது, பிடியின் இறுக்கம். தளர்ந்தால் ஓசை கசியும். இறுகினால் தாடை வலிக்கும். சிறிது இறுகியிருப்பதே நன்று. ஏனெனில் இறுக்கத்தை நாம் தளர்த்தலாம். தளர்ச்சியை இறுக்க வழியில்லை. தலையளவினும் சற்று அகலமான புத்தக அடுக்கின் மேல் இரண்டு இரவு மாட்டிவைத்தால் எஃகுப் பட்டை உடைய கருவி தானே நெகிழும். பட்டை முழுதும் பிளாஸ்டிக்காயின் அம்முயற்சி வேண்டா, முறிந்துவிடக்கூடும். அணிந்தபின் குனிந்தும் நிமிர்ந்தும் தலையை அசைத்தும் பார்க்கவேண்டும். தாழ்ந்த ஓசையுள்ள ஒரு பாட்டை ஒலிக்கவிட்டுக் கிண்ணங்களை விரலால் மெல்ல அழுத்தவேண்டும். அழுத்தியவுடன் தாழ்ந்த ஓசை மிகுந்தால், மெத்தைக்கும் தலைக்கும் இடையே எங்கோ சந்து இருக்கிறது என்று அறிக. கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடனேயே இச்சோதனையைச் செய்தல் அவசியம்.

நான்காவது, மெத்தை. பார்வைக்குத் தோல் போலிருக்கும் செயற்கைப் பொருளே பெரும்பாலும் மெத்தைக்கு உறை. அது ஓசையை நன்கு அடைக்கும். எனினும் எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் காதை வேகவைத்துவிடும். வியர்வை பட்டுப்பட்டு இரண்டொரு ஆண்டில் செதில் செதிலாக உதிரும். துணியுறை குளிர்ச்சியானது, ஆனால் ஓசை சிறிது கசியும். எதுவாயினும், கழற்றி மாற்றத்தக்க மெத்தையா, மாற்று மெத்தை தனியே கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும். பெரும்பாலான கருவிகள் சாவது மெத்தை உதிர்ந்தோ, கம்பி அறுந்தோதான். ஓசைத்தகடு கெட்டுச் சாவது குறைவு. ஆகவே கழற்றத்தக்க கம்பியும் மாற்றத்தக்க மெத்தையும் உடைய கருவி, விலையில் இருநூறு ரூபாய் கூடினும் ஆயுளில் இருமடங்கு கூடியது.

கம்பியில்லாக் கருவியை வாங்கலாமே என்று அண்ணன் கேட்டார். அதில் சௌகரியம் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரே விலையில், மின்கலத்துக்கும் வானொலிப் பொறிக்கும் கொடுக்கும் பணம் மெத்தையிலும் ஓசையிலும் குறையும். மின்கலமும் சில ஆண்டுகளில் தளரும். கம்பியுள்ளதற்கு அக்கவலை இல்லை. புதிய கைப்பேசிகள் பலவற்றில் கம்பி செருகும் துளை இல்லாமையால், அவற்றுக்குச் சிறிய இடைக்கருவி ஒன்று தனியே வாங்கவேண்டியிருக்கும். அதன் விலையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் பழைய கைப்பேசியில் துளை இருந்தது.

மூன்று கடை ஏறி இறங்கினோம். ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தாரின் 'ஏடிஎச்-எம்20எக்ஸ்' என்ற கருவியை அணிந்து பார்த்தேன். 40 மில்லிமீட்டர் தகடும் 47 ஓம் மின்தடையும் உடைய அது பேச்சைத் தெளிவாகத் தந்தது. விலைதான் என் கைக்கு எட்டவில்லை. ஆயினும் நல்லது எப்படியிருக்கும் என்று அறிந்துகொள்ள, எட்டாததையும் ஒருமுறை கேட்டுவைத்தல் நலம். அது நமக்கு அளவுகோலாகும். நான்காம் கடையில் முதியவர் ஒருவர் இருந்தார். நான் கண்ணாடியுடன் அணிந்து தலையாட்டிப் பார்ப்பதைக் கவனித்து, "எதைக் கேட்பதற்கு, தம்பி?" என்று தமிழில் வினவினார். "பாடம்" என்றேன். "அப்படியென்றால் பாட்டுப் போட்டுப் பார்க்காதே, செய்தி வாசிப்பதைப் போட்டுப் பார். சகரம் காதைக் குத்தாமலும் மழுங்காமலும் இருந்தால் வாங்கு" என்றார். அது பொன்போன்ற வாக்கு. என் தந்தையார் இழந்ததும் அந்தச் சகரத்தையே அல்லவா என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் காட்டியவற்றுள் ஒன்றைக் கால்மணி நேரம் அணிந்தபடியே கடையோரத்தில் நின்றேன். எடை சுமார் 230 கிராம்; மெத்தை தடித்தது; 32 ஓம் மின்தடை; கழற்றத்தக்க கம்பி. வீதியின் இரைச்சலுக்கிடையே, கைப்பேசியின் ஓசையளவில் பாதிக்கும் குறைவாக வைத்தும் செய்தி வாசிப்பவரின் சொல் ஒவ்வொன்றும் விளங்கிற்று. விலை 1,650 ரூபாய். அதன் பெயரை இங்கு எழுதாமைக்குக் காரணம், அடுத்த ஆண்டு அது கடையில் இருக்குமோ இராதோ என்பதே. பெயர் மாறும், பார்க்கும் முறை மாறாது. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்கினோம். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரைப் பொறித்த போலிகள் எங்கும் மலிந்திருத்தலின், ரசீது தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

இனிக் கூறுவதே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் முகப்பில், ஹெட்போன் போன்ற மஞ்சள் நிறப் பொருள் ஒன்று தொங்கக் கண்டேன். கம்பி இல்லை, ஓசைத்தகடும் இல்லை. பட்டையும், இரு கிண்ணங்களும், தடித்த மெத்தையும் மட்டுமே. அது இரைச்சலில் வேலை செய்வோர் அணியும் செவிமூடி. ஓசூரில் தம் ஆலையில் அதனை அணியாமல் இயந்திரத்தருகே செல்ல விடுவதில்லை என்று அண்ணன் சொன்னார். புறம் அடைத்த ஹெட்போனிலிருந்து பாட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவது அதுவே. நான் ஒரு பகல் முழுவதும் என் காதுக்காகக் கற்ற பாடம் அனைத்தும் அப்படியே அதற்கும் பொருந்திற்று. பிடி இறுகவேண்டும்; மெத்தை சந்தின்றி அமரவேண்டும்; மடல் முழுதும் உள்ளடங்கவேண்டும்; வெயிலிலும் வியர்வையிலும் பொறுக்கத்தக்கதாக இருக்கவேண்டும். நோகும் செவிமூடியை எவரும் அணியார். அணியாத செவிமூடி எவரையும் காவாது. எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. சரியாகப் பொருந்தாவிடின் அதிற் பாதியும் கிட்டாது என்பதையும் கடைக்காரரே மறையாமற் சொன்னார். 600 ரூபாய் கொடுத்து அதனை வாங்கினேன்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆலைத் தொழிலால் வரும் நோய்களின் அட்டவணை ஒன்று இருந்தது. இரைச்சலால் வரும் செவிப்புலன் இழப்பும் அதிற் சேர்க்கப்பட்டது. சட்டம் ஒன்றை நோயென்று எழுதினும், சிறு பட்டறைகளிற் பாடுபடுவோர் அதனை வயதின் விளைவென்றே எண்ணிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். என் தந்தையாரும் அவ்வாறே எண்ணியிருந்தார்.

வீட்டில் செவிமூடியை அவர் கையிற் கொடுத்தபோது, "இதில் பாட்டு வருமா?" என்று கேட்டார். வாராது என்று கையசைத்தேன். மாட்டிப் பார்த்தார். "கூட வேலை செய்யறவன் கூப்பிட்டா எப்படித் தெரியும்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இப்போதும் அங்கே கையால்தானே பேசிக்கொள்கிறீர்கள் என்று நான் சொன்னதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. முதல் வாரம் அதனைப் பையில் வைத்துக்கொண்டு போய், பையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். உடன் வேலை செய்வோர் நகைப்பர் என்ற கூச்சம். இரண்டாம் வாரம், மாலையில் வீடு திரும்பியவரின் காதுகளைச் சுற்றி மெத்தையின் தழும்பு வட்டமாகப் பதிந்திருந்ததை அன்னை எனக்குச் சைகையாற் காட்டினார். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குப் பின், "அதே மாதிரி இன்னும் ரெண்டு வேணுமாம், என்ன விலைன்னு கேக்கறானுங்க" என்றார்.

நண்பர்களே, வாங்கியபின் கைக்கொள்ளவேண்டியவை சிலவற்றையும் சொல்லி முடிக்கிறேன். வெளியோசையை அடைக்கும் இக்கருவியை அணிந்துகொண்டு சாலையிலோ இருப்புப்பாதை ஓரத்திலோ ஒருபோதும் நடத்தலாகாது. செவியின் பழைய காவல் அங்கே நமக்கு வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்குக் காற்றும் ஓய்வும் தரவேண்டும். மெத்தையை உலர்ந்த துணியால் துடைத்துவைக்கவேண்டும். எதிரே ஒருவர் பேச வந்தால் ஒரு கிண்ணத்தை மட்டும் ஒதுக்கிவைத்துக்கொண்டு கேட்பது மரியாதையன்று. முழுதும் கழற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் இது மரியாதை மட்டுமன்று, அவசியமும் ஆகும். தந்தையார் எங்கள் உதட்டைப் பார்த்தே பாதிச் சொல்லை அறிகிறார். முகம் திருப்பிப் பேசினால் அவரோடு பேசினதாகாது.

எஞ்சிய பணம் 250 ரூபாய். அதைப் பேருந்துக் கட்டணமாகக் கொண்டு, அவரைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று செவிப் பரிசோதனை செய்வித்தேன். சான்று கிடைத்தது, விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. கருவி வந்தபின் அதனை வீட்டில் மட்டுமே அணிவதென்றும், பட்டறையில் மஞ்சள் மூடியையே அணிவதென்றும் அவரே சொல்லிவிட்டார்.